முப்பத்திரண்டாவது துணி

1

இந்தக் கதை என் காரின் நான்கு பழைய டயர்களில் பிறந்தது. கனவில் வந்தது என்று அளந்துவிடலாம். ஆனால் குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு அவ்வளவு நல்ல கனவுகள் வருவதில்லை.

டயர் மாற்றப் போயிருந்தேன். கழற்றிப் போட்ட நான்கும் வழுக்கைத் தலைகளாக மின்னின. வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "தேஞ்ச ரப்பரெல்லாம் எங்கப்பா போச்சு?"

"ரோட்டுலதாங்க."

"ரோட்டுல ஒண்ணையும் காணோமே?"

கடைக்காரர் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அப்போ உங்க வீட்டு ஜன்னல்ல இருக்கும். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். இருந்தது. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. மையைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் கார் ஒன்று வாசலில் வந்து நிற்க, அதிலிருந்து அவன்

இல்லை. நான் எழுதிய நாற்பத்தொரு நாவல்களில் முப்பத்தாறில் நாயகன் இப்படித்தான் இறங்குகிறான். மீதி ஐந்தில் நாயகி இறங்குகிறாள். என் ஜோடிகள் காரில் சண்டை போடுவார்கள், கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பிரிவார்கள், வண்டி பஞ்சரான இடத்தில் சேருவார்கள். பஞ்சர் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே இல்லை. இப்படிப்பட்டவள் டயரைக் குறைசொல்ல வந்தால், பூனை பாலுக்குக் காவல் இருந்த கதைதான்.

"ஒரு தடவை அவங்களை நடக்க விட்டுத்தான் பாரேன்," என்றார் என் வீட்டுக்காரர். "கால் வலிச்சா காதல் ஓடியா போயிடும்?"

இரண்டாம் தொடக்கம்:

தூக்கி எறியப்படுவதற்குள் ஒரு டயர் தன் எடையில் ஏறக்குறைய ஒரு கிலோவைச் சாலையில் விட்டுவிடுகிறது. அந்தத் துகள்களில் மிக நுண்ணியவை மூச்சோடு நுரையீரலுக்குள்

(இது பள்ளிக் கட்டுரை. உண்மைதான். ஆனால் இதைப் படித்து யாரும் அழமாட்டார்கள், கொட்டாவிதான் விடுவார்கள்.)

மூன்றாம் தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்:

விசிலின் பள்ளிக்கூடம் அவள் வீட்டிலிருந்து இருநூற்று நாற்பது எட்டு வைக்கும் தூரம். காரில் போனால் பன்னிரண்டு நிமிஷம்.

3

விசில் என்பது ஏழு வயதுப் பெண். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. குளிர்ந்த காற்றும் தூசியும் சேர்ந்தால் அவள் நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசிலடிப்பார்கள். அதைப் பயமில்லாமல் குறிப்பிட அப்பா வைத்த பெயர் அது.

அப்பா டயர்க்கடை வைத்திருக்கிறார். அம்மா ஒரு பரிசோதனைக்கூடத்தில் தூசியை எடை போடுகிறார். தெருவில் அவரை எடைக்காரி என்பார்கள். வீடு முதல் மாடியில். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத் தெரு.

தூசி ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து விசிலைக் கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். மற்றப் பெற்றோரும் அப்படித்தான். தூசிக்குப் பயந்து எல்லாரும் காரில் வர, எல்லாரும் காரில் வருவதால் தெருவெல்லாம் தூசி. வரிசையில் நின்று, நகர்ந்து, பிரேக் போட்டு, திரும்பி, மறுபடி நின்று. டயர் அதிகம் தேய்வது இந்த மாதிரி இடங்களில்தான்.

"நான் நடந்தே போறேன்மா. முன்னாடி நடந்து போறவன் கையாட்டிட்டுப் போறான். நாம இன்னும் இங்கேயே இருக்கோம்," என்பாள் விசில், பின்சீட்டிலிருந்து.

தலைமை ஆசிரியைக்கு ஒரு யோசனை. காலையில் அரை மணி நேரம் அந்தத் தெருவில் கார்களை விடாமல் மூடிவிட்டால் என்ன? பெற்றோர் கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள்.

"நான் பேட்டரி கார் வாங்கிட்டேன். என் வண்டியில புகையே கிடையாது, தெரியுமா?" என்றார் ஒரு பல் டாக்டர்.

"புகை இல்ல சார். டயர் இருக்குல்ல?" என்றார் எடைக்காரி.

"இருக்குன்னா காட்டுங்க. கண்ணால பார்த்தா ஒத்துக்கறேன்."

எடைக்காரி மூன்று கண்ணாடித் தட்டுகளில் வாஸ்லின் தடவி, தன் வீட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். முப்பத்தொரு நாள் தூசி அதில் ஒட்டும். முப்பத்திரண்டாம் நாள் கூட்டம். தெரு மூடினால் விசில் நடப்பாள். மூடாவிட்டால் பின்சீட்.*

* மழை பெய்தால் இந்தத் தூசி சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. டயர் ரப்பர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றுப் பட்டு மாறி, ஒருவகை மீன்களைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகிறதாம். இந்தக் கதையில் மீனுக்கு வேடம் கிடைக்கவில்லை. மன்னிக்கவும்.

4

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம் எடைக்காரி தட்டுகளை எடுத்தார். அன்றைய மெல்லிய தூசியைத் தவிர பளபளவென்றிருந்தன. முகம் பார்க்கலாம். பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்னங்க! இதைத் தொட்டீங்களா?"

டயர்க்காரர் மாடிப்படியிலேயே கடைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, பனியனோடு உள்ளே வந்தார். அது அவர் தினசரிப் பழக்கம்.

"தொடல. துடைச்சேன்."

"எப்போ?"

"தினமும்தான். நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "வாஸ்லினும் புதுசா தடவி வச்சேன்."

எடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

"ஏங்க, அது தூசி பிடிக்கத்தானே வச்சேன்! ஆயிரம் தடவை சொன்னேனே!"

"ரோட்டுத் தூசி பிடிக்கன்னு சொன்னே. அதுல இருந்தது..." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேகைகளில் கறுப்பு மிச்சமிருக்கும் கைகள். "அது என் தூசிம்மா. கடையிலிருந்து நான் கொண்டுவர்றது. அதை நீ எடை போட்டு, நாலு பேர் முன்னாடி... பாப்பா நெஞ்சுல விசிலடிக்கிறதே என்னாலதானோன்னு..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

5

இங்கே என் வீட்டுக்காரர் கையெழுத்துப் பிரதியைக் கீழே வைத்துவிட்டார்.

"விடியக் காத்தால எழுந்து ஜன்னல் துடைக்கிற ஆம்பளைய நீ எங்க பார்த்தே?"

"கற்பனைதான்."

"அதானே. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

அவர் சந்தேகம் நியாயமானது. டயர்க்காரர் மிகவும் நல்லவராகிக்கொண்டே போகிறார். அதனால் ஒரு குறை சேர்க்கிறேன்: எதையும் தூக்கிப் போட மாட்டார். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, ஜன்னல் துடைக்க நாளுக்கு ஒரு துண்டு எடுத்தார். சலவை மெஷினில் போட்டால் விசிலின் சீருடை கறுத்துவிடும் என்று துவைக்கவில்லை. எறியவும் மனசில்லை. பரணில் ஒரு பைக்குள், நான்காக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அழுக்குத் துணியைக்கூட இஸ்திரி போட்ட மாதிரி மடிக்கிற ஆள்.

(இந்தக் குறையைச் சேர்க்கும்போது, அதுதான் அவரைக் காப்பாற்றப்போகிறது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக.)

6

எடைக்காரி பரணிலிருந்து அந்தப் பையை இறக்கி, முப்பத்தொரு துணியையும் தரையில் வரிசையாக விரித்தார். விசில் கூடவே தவழ்ந்து உதவினாள்.

கறுப்பு, கறுப்பு, கறுப்பு, நடுநடுவே கொஞ்சம் மங்கல். பன்னிரண்டாவது துணி சாம்பல் நிறம். பிறகு ஒன்பது துணிகள் கிட்டத்தட்ட வெள்ளை. அதன்பின் மறுபடி கறுப்பு.

"இந்த ஒன்பது நாள் ஏங்க துடைக்கல?"

"துடைச்சேனே. ஒரு நாள்கூட விடல."

விசில் விரல்விட்டு எண்ணினாள். "அம்மா, இது எங்க லீவு!"

பள்ளி விடுமுறை ஒன்பது நாள். தெருவில் கார் வரிசை இல்லை. நடுநடுவே மங்கியவை சனி, ஞாயிறு. எடைக்காரி மெல்லத் தலையைத் தூக்கினார்.

"லீவுல கடை திறந்திருந்தீங்களா?"

"லீவுலதான்மா கூட்டமே. ஊருக்குப் போறவங்க எல்லாரும் டயர் மாத்த வந்துட்டாங்க. சாப்பிடக்கூட நேரமில்ல. அந்த வாரம் என் சட்டையப் பார்த்து நானே..."

நிறுத்தினார். அந்த வாரம் அவர் வீடு திரும்பிய கோலம் அவருக்கு நினைவு வந்தது. வெள்ளைத் துணிகளைப் பார்த்தார்.

"அப்போ இது என்னோடது இல்லையா?"

"உங்களோடதும்தான். என்னோடதும்தான். இவளை இருநூத்து நாப்பது எட்டுக்குக் கார்ல கொண்டுவிடுறோமே, அதுவும்தான். ஆனா உங்க கையிலிருந்து வந்தது இல்லீங்க."

டயர்க்காரர் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண்களும் கழுவப்பட்டிருந்தன. எடைக்காரி அந்த ஈரக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாகக் காதல் எழுதுகிறேன். கார் இல்லாமல் எழுதிய முதல் காதல் காட்சி இது. வீட்டுக்காரர் சொன்னது சரிதான். காதல் எங்கும் ஓடிப்போகவில்லை.

7

முடிவு ஒன்று: கூட்டத்தில் எல்லாரும் துணிகளைப் பார்த்துத் திருந்தி, கார்களை விற்றுவிட்டு

(நான்கூட நம்பவில்லை. நேற்று முனைக்கடையில் பேனா வாங்க நான் போனது காரில்.)

முடிவு இரண்டு: யாரும் கேட்கவில்லை. விசில் பின்சீட்டில்

(மாட்டேன்.)

முடிவு மூன்று, நடந்தவரை:

பள்ளி வேலியில் கயிறு கட்டி, முப்பத்தொரு துணியையும் நாள் வரிசைப்படி காயப்போட்டிருந்தார்கள். மாட்டியவர் டயர்க்காரர். கிளிப்புகளுக்கு நடுவே இடைவெளிகூட ஒரே அளவு. பல் டாக்டர் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கும் மூன்று தடவை நடந்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர்.

தலைமை ஆசிரியை கை தூக்கச் சொல்லி, எண்ணிக் கரும்பலகையில் எழுதினார். மூட வேண்டும்: இருபத்தேழு. வேண்டாம்: இருபத்தேழு. பல் டாக்டர் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். அவருக்கே ஆச்சரியமான பக்கம்.

"மொத்தம் அம்பத்தஞ்சு பேராச்சே. ஒருத்தர் குறையுதே?"

விசில் வகுப்பறை ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தாள். அவள் கையில் அந்த விரிப்பிலிருந்து கிழித்த புதுத்துண்டு ஒன்று, இன்னும் வெள்ளையாக.

"மிஸ், அதோ வர்றாங்க! வண்டி நிறுத்த இடம் கிடைக்காம சுத்திட்டே இருக்காங்க. இது நாலாவது சுத்து."

நீங்கள்தான். வேறு யார்? கூட்டத்துக்குக் காரில் கிளம்பி, தெருமுனையில் திரும்பி, இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவசரமில்லை. தலைமை ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. டயர்க்காரர் உங்களுக்கும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். உங்கள் கையை என்னால் தூக்க முடியாது.

ஒன்று மட்டும். நீங்கள் ஒவ்வொரு சுற்று வரும்போதும் விசில் அந்தத் துணியால் ஜன்னல் விளிம்பை ஒரு தடவை துடைத்துப் பார்க்கிறாள்.