கத்தரிப்பூ நிறத் துணி

…மாஸ்ரர் நிற்பாரோ மாட்டாரோ என்று ஊர் முழுக்க ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு திரிகிறார்கள், முடிவு சொல்ல வேண்டியவள் அவருடைய பெண்சாதி என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது, சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. மத்தியானம் கல்லூரி அதிபர் சவிரிமுத்து வாசல் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்காமலே, "பிள்ளை, மாஸ்ரர் நிப்பார்தானே? கொழும்புக் கிளப் ஒண்டு கேட்டிருக்காம் எண்டு கதை அடிபடுது" என்றார், அவள் "தெரியாது சேர்" என்றாள், என்ன பொய், எவ்வளவு லேசாக வாயில் வருகிறது. ஜெகதீஸ் மாஸ்ரர் குருநகரிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து மூன்று வருடம், கோல் கம்பம்கூட இல்லாமல் கிடந்த கல்லூரியை உதைபந்தாட்டத்தில் அகில இலங்கை அரையிறுதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போன மனுசன், பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பதினெட்டுப் பேருக்குச் சொல்லத் தெரிந்தவர், தன் வீட்டுக் காரியத்தை மட்டும் பெண்சாதியின் தலையில் கட்டிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்து, "நீர் சொல்லும் சுகந்தி, போவம் எண்டா போவம், நிப்பம் எண்டா நிப்பம். வெள்ளிக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லவேணும்" என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சொல்லத்தான் போகிறாள், போவம் என்று, ஒரே ஒரு சொல், காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று, தேங்காய் துருவும்போது போவம், கிணற்றடியில் போவம்… ஆனால் தையல் மெசினில் ஊர்க்காரி அன்ரனிட்டா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன துணி கிடக்கிறது, கத்தரிப்பூ நிறம், பார்க்கவே எரிச்சல் வருகிறது. "அக்கா, இளையவனுக்கும் ஒண்டு, மூத்தவன்ர அளவுதான்" என்று சொன்னாளே, இளையவன் பந்தைக் கண்டால் விலகி நிற்கிற பிள்ளை, கண்ணாடி போட்டிருக்கிறான், அவனுக்கு எதற்கு ஜேர்சி என்று அவளும் கேட்கவில்லை, அன்ரனிட்டாவும் சொல்லவில்லை. இதைத் தொடக்கூடாது, போகிறவளுக்கு என்ன தையல், நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கத்தரிக்கோல் எங்கே, சும்மா ஓரத்தை மட்டும் நேராக்கி வைப்போம், கையும் சும்மா இருக்காதாம்.

முதல் வருடம் ரீமின் ஜேர்சிக்கு வேலணைக் கடையில் மலிவாகக் கிடைத்தது இந்த நிறம்தான், பொம்பிளையளின்ர நிறம் என்று பெடியன்கள் வெட்கப்பட்டார்கள், மாஸ்ரர் சிரித்துக்கொண்டு, வெண்டால் ஒருத்தரும் நிறம் பார்க்க மாட்டினம் என்றார், வென்றார்கள், பிறகு ஒருத்தரும் பார்க்கவில்லை. கிரவுண்டு மதிலுக்கு வெளியே நின்று நேவிக்காரரும் ஆட்டம் பார்க்கத் தொடங்கினார்கள், கோல் விழுந்தால் கை தட்டினார்கள், அதுக்குப் பிறகு சென்றியில், தங்கள் காவலரணில், அந்த ஜேர்சியைக் கண்டால் "ரீம், ரீம்" என்று கையைக் காட்டிப் போகவிட்டார்கள், அடையாள அட்டையைக்கூடக் கேட்பதில்லை. அப்போது சமாதான காலம், அது ஒரு பகிடி. இந்த வருடம் தைமாதத்துக்குப் பிறகு பகிடி இல்லை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள், சந்தியில் ஏற்றிக்கொண்டு போன பெடியன் இன்னும் திரும்பவில்லை, அவனுடைய தாய் இன்னும் மத்தியானச் சோற்றை மூடி வைக்கிறாளாம். அதுக்குப் பிறகுதான் முதல் தாய் வந்தாள், ரீமில் இல்லாத மகனையும் சென்றியில் மறிக்காமல் விடட்டும் என்று ஒரு ஜேர்சி கேட்டு, துணியோடு அழுகையையும் கொண்டுவந்தாள், எப்படி மாட்டேன் என்பது? பிறகு இன்னொருத்தி, பிறகு அவளுடைய தங்கை… மாஸ்ரர் கிரவுண்டுக்குப் போன நேரம் பார்த்துத் தைத்தாள், அலுமாரியில் சேலைகளுக்கடியில் ஒளித்தாள், எத்தனை தைத்தாள் என்று இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியாது. இலக்கங்கள் முடிந்துபோய் போட்டதையே திரும்பவும் போட்டாள், ஒரே சென்றிக்குள்ளால் ஒரே நாளில் இரண்டு ஏழாம் இலக்கம் போயிருந்தால்? அதை விடு, அந்தப் பெடியன்களில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஜேர்சிக்குள் எதையாவது மறைத்துக்கொண்டு போனால்? நெஞ்சில் கல்லூரிச் சின்னம், அதையும் அவளே நூலால் போட்டாள், யாரைக் கூப்பிடுவார்கள், அன்ரனிட்டாவையா? மாஸ்ரரைத்தான் கூப்பிடுவார்கள், உன்ர ரீம்தானே என்பார்கள், அவர் திருதிருவென்று முழிப்பார், ஒன்றும் தெரியாத மனுசன், பந்தைத் தவிர ஒன்றும் தெரியாது… அந்தோனியாரே.

ஆகவே போவம். கொழும்பில் கிளப் வீடு தருகிறது, அங்கேயும் சோதனை உண்டுதான், என்றாலும் அங்கே அவள் ஒருத்தருக்கும் ஒன்றும் தைத்துக் கொடுத்திருக்க மாட்டாள். போவம், போனால்… போனால் ரீம் என்ன ஆகும்? வேறு யாரும் வந்து பழக்குவார்களா, இந்த நேரத்தில் இந்தத் தீவுக்கு யார் வருவார்கள்? ஆட்டம் நின்றால் மதிலடியில் ஒருத்தனும் நிற்கமாட்டான், கை தட்டமாட்டான், பிறகு கத்தரிப்பூ நிறம் வெறும் துணி, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பிள்ளை சென்றிக்கு நேரே நம்பி நடந்து போவான். அதிபர் படலையடியில் கடைசியாக என்ன சொன்னார்? "அவர் போனா, பந்தடி கிடக்கட்டும் பிள்ளை, மற்றப் பெடியள்…" என்று இழுத்துவிட்டு, பெடலை மிதித்துவிட்டாரே. அவருக்கும் தெரியுமா? ஊருக்கே தெரியுமா?

மோட்டார் சைக்கிள். ஒழுங்கை முனையில் சத்தம் மெதுவாகிறது, நிற்கிறதா, நிற்கக்கூடாது, வெளிச்சம் மங்கிவிட்டது, பயிற்சி முடிந்திருக்கும், அவர் சென்றியைத் தாண்டியிருப்பாரா, பிந்தாத மனுசன் இன்றைக்கு ஏன் பிந்துகிறார், கையிலிருந்த கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே, அதுக்கு மேல் செபம் வரவில்லை… சத்தம் போய்விட்டது. யாரோ பால்காரனாக்கும். கை மட்டும் நிற்காமல் ஏதோ செய்துகொண்டிருந்தது.

பிறகு சைக்கிள், அவருடைய சைக்கிள்தான், கிறீச்சென்று அந்தப் பழைய சத்தம். மாஸ்ரர் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்து சப்பாத்து நூலில் கை வைத்தார். துணியை ஒளிக்க நேரமில்லை, மடியில் அப்படியே கிடந்தது, அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள், ஓரத்தை நேராக்கத்தானே எடுத்தாள், ஜேர்சியின் இரண்டு கையும் கழுத்தும் வெட்டி முடிந்திருந்தது.

"சென்றியில இண்டைக்குப் புது ஆள். ரீமில எத்தினை பேர் எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கனபேர் எண்டனான்." நிமிராமலே சொன்னார். "இது அன்ரனிட்டான்ர இளையவனுக்கோ? ஏழாம் இலக்கத்தைப் போடாதையும். ஏழோட மூண்டு பேர் திரியிறாங்கள்."

தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து, முதல் ஜேர்சியிலிருந்தா, அலுமாரியைத் திறந்து பார்த்தாரா, இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டு அந்தச் சென்றியைக் கடந்து போய்வந்திருக்கிறார், போதாததுக்கு கனபேராம்… அப்படியென்றால் போவமா நிற்பமா என்று அவளிடம் ஏன் கேட்டார்? மனைவிக்குக் கொடுத்த மரியாதை என்றல்லவா நினைத்திருந்தாள், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சப்பாத்து நூல் முடிச்சு அவிழவில்லை, நாளும் அவிழ்க்கிற முடிச்சு, அவர் விரல்கள் திரும்பத் திரும்ப அதில் வழுக்கின. இந்த மனுசனுக்கும் பயம். அவளைவிடக் கூடின பயம். போவம் என்று தன் வாயால் சொல்ல ஏலாமல்தான் அந்தச் சொல்லை அவளிடம் கொண்டுவந்து தந்திருக்கிறார், இல்லை, நிப்பம் என்று அவள் சொல்வாள் என்று நம்பித் தந்தாரோ, எது?

"என்ன, யோசிச்சனீரோ?" என்றார், இன்னும் குனிந்தபடி.

காலையிலிருந்து சொல்லிப் பார்த்த சொல் நாக்கின் நுனியில்தான் இருந்தது. அவள் வெட்டிய துணியை எடுத்து, மெசின் ஊசிக்கடியில் கொடுத்தாள்.

"அப்ப எந்த இலக்கத்தைப் போட?" என்று கேட்டாள்.

அவர் சப்பாத்து முடிச்சைத் திரும்பவும் இழுத்தார், வெளியே யாரோ ஒரு பெண் படலையைத் தட்டி, "அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.