பின்வாசல் சங்கிலி

அந்தக் கட்டடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பேப்பர்க்காரி. ஊரில் பத்து வருடம் நிருபராக ஓடியாடியவள். கணவனின் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்த பிறகு, பத்திரிகைகளுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருப்பதே பிழைப்பாகிவிட்டது. பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல்தான். தப்பித் தவறிப் பதில் போட்டவர்களும் உங்கள் ஊர்க் கஷ்டத்தை எழுதுங்களேன் என்றார்கள். இங்கே நடப்பதை எழுத இவள் யார் என்று சொல்லாமல் சொன்னார்கள். கஷ்டத்தை ஏற்றுமதி பண்ணு, நல்ல மார்க்கெட் என்று கணவன் கிண்டலடித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் செய்தி அவள் காலடியிலேயே கிடந்தது. திருட்டு பயம் என்று சொல்லி, கட்டடத்தின் பின்படிக்கட்டுக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். முன்பக்கம் தீப்பிடித்தால் அத்தனை மாடி ஜனமும் உள்ளேயே வேக வேண்டியதுதான். படம் எடுத்து, விவரம் எழுதி, பெரிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். அன்றைக்கே பதில் வந்தது. பிரமாதமான விஷயம். ஆனால் அங்கேயே குடியிருக்கும் நீங்கள் எழுதுவது முறையாகாது. எங்கள் நிருபரை அனுப்புகிறோம், அந்தப் பெண்கள் சொல்வதை நீங்கள் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும்.

படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சமைத்தவளை இலை எடுக்கக் கூப்பிட்ட கதை.

வந்த நிருபனுக்கு இவளைவிட வயது குறைவு, மிதப்பு அதிகம். மூன்றாவது மாடி அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பயமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, குழந்தைகள் அழுகிறார்களா என்று வரிசையாகக் கேட்டான். ஒரு நிருபன் கேட்கிற கேள்வியா இது? இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் அதையெல்லாம் கேட்டாள். கூடவே தன் கேள்வி ஒன்றையும் நுழைத்தாள்.

"சாவி யார்கிட்ட இருக்கு அக்கா?"

"ஓனரோட மச்சான்கிட்ட. பக்கத்துத் தெருவுல கடை வச்சிருக்கார். என் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். தீப்பிடிச்சா போன் பண்ணுங்க, எடுத்துட்டு வரேன்னார்."

நிருபன் பேனாவோடு இவள் முகத்தைப் பார்த்தான். தூக்கமே வருவதில்லையாம் என்றாள் இவள். அவன் அதை எழுதிக்கொண்டான். மச்சானை இவள் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எந்த ஆசிரியரும் தன் கட்டுரையைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டாள். கண்ணீரை அவன் கொண்டு போகட்டும், செய்தி என்னுடையது.

அவன் கட்டுரை வெளிவந்தது. வரிக்கு வரி அழுகை. ஓனர் பெயரும் இல்லை, மச்சானும் இல்லை. இவள் தன் கட்டுரையை அதே பத்திரிகைக்கும் இன்னும் நாலைந்து இடங்களுக்கும் அனுப்பினாள். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பாட்டைப் பாடினார்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே. கீழே சங்கிலி அப்படியே தொங்கியது.

மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அக்கா பத்திரிகையோடு மேலே ஏறி வந்தாள்.

"மச்சான் சொன்னது வரலையே. நீ அந்த ஆள்கிட்ட சொன்னியா இல்லையா?"

சொன்னேன், அவன்தான் எழுதவில்லை என்று ஒரு பொய் சொன்னால் முடிந்தது. அதற்கு வாய் வரவில்லை.

"சொல்லலை அக்கா. நான் எழுதலாம்னு வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். பத்து வருடம் எழுதியவளைக் கூலிக்கு வாயாக உட்கார வைத்தார்கள், கண்டுபிடித்தது நான், பெயர் அவனுக்கா என்று குரல் உடைய உடையக் கத்தினாள். அக்கா நின்ற இடத்திலேயே நின்று முழுதும் கேட்டாள்.

"உன் கோபம் நியாயம்தான். அதுக்கு என் புள்ளைங்கதான் கிடைச்சாங்களா?"