இன்னும் கருகல

சீனாவின் ஷென்ஜென்னில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்துபோன அந்தக் குளிர்காலத்தில் இது நடந்ததா, அதற்கடுத்த வசந்தத்திலா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. நான் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். மேலே நடந்தது பிறர் வாய்வழி வந்ததுதான். சிலவற்றை நானே இட்டு நிரப்பியிருக்கவும் கூடும். யான்பிங்கின் முகம் மட்டும் சரியாக நினைவிருக்கிறது.

யான்பிங்குக்கு வேலை, மின்சிகரெட்டை இழுத்துப் பார்ப்பது. நாங்கள் இருந்த ஷாஜிங் பகுதியில் தெருவுக்குத் தெரு அந்தத் தொழிற்சாலைகள்தான். எங்கள் இடத்தில் ஒரு காயில், அதாவது உள்ளே திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் சுருள், எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்க்க ஓர் இயந்திரம் இருந்தது. அது சளைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் எந்த இழுப்பில் கருகல் வாடை தொடங்குகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்கு மனித வாய் வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சுவைக்கும் அறையில் இருக்கும் இரண்டு பெண்களும் ஆளுக்கு ஓர் இழுப்பு இழுப்பார்கள். வெந்நீரில் வாய் கொப்பளித்து, உப்பில்லாத ஆவி ரொட்டியை ஒரு விள்ளல் மெல்வார்கள். "கருகிடுச்சு" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அந்தக் காயிலின் ஆயுள் அங்கே முடிந்தது.

அந்தச் சொல்லை எப்போதும் முதலில் சொல்பவள் யான்பிங். காய்ச்சலில் வாசனை இழந்த மற்றவர்களின் மூக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவளுடையது வரவில்லை. நாக்கில் உப்பும் இனிப்பும் மங்கலாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் வெறும் சூடான காற்று. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவளை வேறு எந்தத் தொழிற்சாலை வாசலிலும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். அழுகைகூட வரவில்லை. காலையில் எழுந்து, மணமில்லாத சோப்பில் குளித்து, மாடியேறி உட்கார்ந்தாள்.

முதலில் பக்கத்தில் இருந்த குய்ஃபாங்கின் புருவத்தைப் பார்த்துச் சமாளித்தாள். குய்ஃபாங் அவளைவிட இளையவள். வாயில் கருகல் பட்டால் அவளுடைய இடது புருவம் தானாக ஏறும். அது ஏறியதும் யான்பிங் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். பிறகு மேலாளர் பெங், ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் சொல்லக்கூடாது என்று நடுவில் ஒரு தட்டியை வைத்தார். அன்றிலிருந்து யான்பிங்குக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இன்னும் கருகல.

அந்தச் சமயத்தில் புதிய பீங்கான் காயில் வந்தது. பஞ்சு வைத்த பழைய காயிலைவிடப் பல மடங்கு உழைக்கும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெங் சொல்லிவைத்திருந்தார். சோதனையில் அது அவ்வளவு தாங்கவில்லை.

"பீங்கான் மேல என்ன தப்பு மேனேஜர்?" என்றாள் குய்ஃபாங். "மாம்பழ வாசனைன்னு சொல்லிப் பாகு மாதிரி இனிப்பை ஊத்துறீங்க. அது பீங்கானோட குட்டி ஓட்டையில எல்லாம் போய் அடைச்சுக்குது. இனிப்பைக் குறைங்க. சூட்டைக் குறைங்க. திரவம் ஊத்தினதும் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைங்க, ஊறட்டும். இழுப்புக்கு நடுவுல மூச்சு விட நேரம் குடுங்க. அப்புறம் பாருங்க, அதுபாட்டுக்கு உழைக்கும்."

"வாங்குறவனுக்கு இனிப்பும் வேணும், அடர்த்தியா புகையும் வேணும், குய்ஃபாங்."

"அப்போ அவனையே வந்து ஊறச் சொல்லுங்க."

பெங் சிரித்தார். சிரித்துவிட்டுத் தட்டியின் இந்தப் பக்கம் வந்து, "பிங் அக்கா, உங்க வாய்ல மட்டும் இது நல்லா வாழுதே!" என்றார். யான்பிங் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள்.

குய்ஃபாங்குக்கு விஷயம் தெரிந்தது நூடுல்ஸால். யான்பிங்கின் ஊர் லியூஜோ. அங்கே நத்தைச் சாற்றில் புளித்த மூங்கில் குருத்தைப் போட்டு நூடுல்ஸ் செய்வார்கள். தெரு முனையிலேயே மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். சுவைக்கும் அறைக்காரர்கள் வேலை நாளில் பூண்டைக்கூடத் தொடக்கூடாது, இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யான்பிங் விடுதியில் அதைத்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்து, ஏதாவது வருகிறதா என்று பார்ப்பாள். ஒருநாள் காலையில் பழக்கத்தில் அதையே சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

குய்ஃபாங் தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "அக்கா, சாக்கடையில விழுந்து எந்திரிச்சு வந்தியா?"

"ஏன்?"

குய்ஃபாங் ஜன்னலைத் திறந்துவைத்தாள். "வாயைக் கழுவிட்டு வா," என்றாள். "எத்தனை நாளா?"

"காய்ச்சல்லேர்ந்து."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, பாவி."

யான்பிங் கழுவிவிட்டு வந்தாள். அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சில வாரம் கழித்து, இந்தக் காயிலுக்கு ஒரு வாய் போதும் என்று பெங் முடிவு செய்தார். குய்ஃபாங்கின் நாக்கு 'ரொம்பக் குறை சொல்லுது' என்று காரணம் சொன்னார். மாத முடிவோடு அவள் கிளம்ப வேண்டும். யான்பிங் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனாள். உடம்பில் பயம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தாள். கால்கள் நடந்தன, அவ்வளவுதான்.

"மேனேஜர், எனக்கு வாடையே தெரியல. ரொம்ப நாளா. நான் சொன்னது எல்லாமே பொய். குய்ஃபாங் சொல்றதுதான் சரி. அவளை வச்சுக்கோங்க."

பெங் தேநீரை ஊதிக் குடித்தார். "தெரியும்."

"எப்படி?" என்றாள்.

"ஒருநாள் ஆரஞ்சுன்னு சொல்லி உங்ககிட்ட ஒண்ணு குடுத்தேனே. அதுல வாசனையே கலக்கல, வெறும் திரவம். நீங்க ஆரஞ்சு நல்லா இருக்குன்னீங்க." கோப்பையை வைத்தார். "எனக்கு வேண்டிய வாய் இப்ப உங்களோடதுதான் அக்கா. போய் உக்காருங்க. அடுத்த சுற்று முடிஞ்சிருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே சரக்கு லாரி ஒன்று பின்னால் வரும் ஓசை கேட்டது. வேலையை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் கால்வரை வரவில்லை, தோன்றிய இடத்திலேயே நின்றது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் குய்ஃபாங் இழுத்து, "கருகிடுச்சு," என்றாள். யான்பிங் இழுத்தாள். தொண்டை சாம்பலை விழுங்கியதுபோல் எரிந்தது. மூக்கு இல்லாவிட்டாலும் அது அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் கருகல," என்றாள்.

அந்தக் காயில் நீண்ட ஆயுள் என்ற பெயரோடு கப்பலேறியது. ஓராண்டுக்குள் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பெங் இந்தோனேசியாவில் வேறொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். குய்ஃபாங் டோங்குவானில் பொம்மைக்கு முடி தைக்கிறாள். யான்பிங்கின் மூக்கு சிறிதளவு திரும்பியது. ஆனால் எது வந்தாலும் அவளுக்குக் கருகல் வாடையாகவே வருகிறதாம். அவள் இப்போது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெட்டி ஒட்டுகிறாள்.