ஒரு பெட்டி, இரண்டு குச்சி

ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார் என்று சொல்வதற்கு 2006ஆம் ஆண்டு விலை நூறு டொலர். தபால் செலவு புறம்பு. பக்கீர் முதலாளி முப்பது வருடமாகத் துணி விற்றவர். அந்த நூறை எண்பதாக்க முடியாதா என்று லண்டனில் இருந்த மருமகன் அஸ்மினிடம் கேட்டுப் பார்த்தார்.

“மாமா, இது அமெரிக்கக் கொம்பனி விலை. பேரம் பேசேலாது.”

“பேரம் பேசேலாத சாமானை மனிசர் வாங்குவாங்களா?”

அஸ்மின் சிரித்துவிட்டுத் தன் காசிலேயே பெட்டியை அனுப்பினான். அதற்குள் பல்துலக்கி மாதிரி இரண்டு குச்சிகள், இரண்டு குட்டிப் போத்தல்கள், ஒரு படிவம். குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துப் போத்தலில் போட்டு அனுப்பினால், பரம்பரை உலகத்தில் எந்த மூலையிலிருந்து புறப்பட்டது, எந்த வழியாக வந்தது என்று வரைபடம் கீறித் தருவார்களாம்.

மனைவி ஸுஹறாவுக்குப் பெரிய சந்தோஷம். பக்கீரின் வாப்பாவுடைய பாட்டன் யெமனிலிருந்து கப்பலில் வந்தவர் என்பது குடும்பத்துக் கதை. முதலில் அது தோணியாக இருந்தது. ஒவ்வொரு கலியாணத்திலும் கொஞ்சம் வளர்ந்து, கடைசி மகளின் கலியாணத்தில் அதற்கு மூன்று பாய்மரம் முளைத்திருந்தது.

“இனி எழுத்திலயே வந்திடும்” என்றாள் ஸுஹறா.

வரவில்லை. ஆண்பிள்ளை என்றால் வாப்பாவழியைப் பார்க்கலாம், அல்லது உம்மாவழியைப் பார்க்கலாம். இந்தக் காசுக்கு இரண்டில் ஒன்றுதான், பெண்பிள்ளைக்கு உம்மாவழி மட்டும்தான் என்று அஸ்மின் தொலைபேசியில் விளங்கப்படுத்தினான். பக்கீர் படிவத்தை எடுத்து, உம்மாவழிக்கு நேரே புள்ளடி போட்டார்.

“கப்பலை விட்டுப்போட்டுக் கரையைப் பிடிச்சிருக்கிறீங்களே!” என்று ஸுஹறா தலையில் கைவைத்தாள்.

அவர் காரணம் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்த அன்றே அவருடைய வியாபார மூளை ஒரு முடிவுக்கு வந்திருந்தது. குச்சி இரண்டு என்றால் ஆளும் இரண்டு. ஒரு விலைக்கு இரண்டு பேர். மற்றக் குச்சி யாருக்கு என்பதும் அவருக்குத் தெரியும்.

அவருடைய தங்கை ஸுல்பா, முல்லைத்தீவில் அவர்கள் கடை வைத்திருந்த காலத்தில், விசுவமடுவில் நெல் விதைக்கிற மயில்வாகனத்தோடு போய்விட்டாள். “எனக்குத் தங்கச்சி இல்லை” என்று பக்கீர் பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னார். 1990இல் வடக்கு முஸ்லிம்களை எல்லாம் இயக்கக்காரர் சில நாள் தவணை கொடுத்து வெளியே அனுப்பியபோது அவள் அங்கேயே நின்றாள். அவர் வவுனியாவில் புதுக்கடை போட்டார். ஏழு வருடம் கழித்து அவள் மலேரியாவில் செத்துப்போனாள் என்று செய்தி வந்தது. செத்த வீட்டுக்குப் போகப் பாதை இல்லை என்று சொல்லிவிட்டார். சண்டையால் பாதை உண்மையிலேயே இருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்து வெங்காயம் எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தது.

2002இல் சமாதானம் வந்து ஏ-9 பாதை திறந்ததும் துணிமூட்டையோடு விசுவமடு போனார். மயில்வாகனம் கதிரை தந்தான், தேத்தண்ணி தந்தான், கோபத்தை மட்டும் காட்டவில்லை. அவனிடம் ஒரு பெட்டைப்பிள்ளை இருந்தாள், வினோஜா.

“ஸுல்பாவுக்குப் பிள்ளை இருந்தது ஆருக்குத் தெரியும்? இடம்பெயர்வில கண்டெடுத்து வளர்த்ததாக்கும். உங்கட சொத்தில கண்வைச்சுக் கதை கட்டுறாங்கள்” என்றாள் ஸுஹறா. பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துவிட்டது. மயில்வாகனத்திடம் நேரே கேட்கப் பக்கீருக்கு வாய் வரவில்லை. தங்கை இல்லை என்று சொன்ன வாயல்லவா?

2006 வைகாசியில் குச்சியோடு போனார்.

வினோஜா மூட்டையிலிருந்து ஒரு சேலையை இழுத்து, கரையைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு விரலால் கசக்கினாள். கஞ்சிப் பசை போட்ட துணி காதில் நொறுங்கும். பக்கீர் குடும்பம் துணி பார்க்கிற முறை அது. ஸுல்பாவும் இப்படித்தான் கசக்குவாள். ஆனால் வளர்த்த பிள்ளைக்கும் அது தொற்றக்கூடியதுதான்.

“பசை கூடிப்போச்சு, முதலாளி. கழுவினால் கந்தல்” என்றாள். அவரை அவள் ஒருநாளும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

அவர் பெட்டியை வெளியே எடுத்து, யெமன், கப்பல், வரைபடம் என்று வளைத்து வளைத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் அம்மான்ர பிள்ளையோ எண்டு பாக்கப் போறியள். நேர சொல்லுங்கோவன்” என்றாள்.

பக்கீர் மூட்டையின் முடிச்சைப் பார்த்தார்.

“எனக்குச் சந்தேகமில்லை, பிள்ளை. ஊருக்கு.”

“ஊர் எச்சிலோ கேக்குது? சரி, சும்மா தரமாட்டன். மயில்கழுத்து நிறத்தில ஒரு சாறி.”

“எச்சிலுக்குச் சாறியோ! ஒரு சட்டைத்துணி தாறன்.”

“அப்ப அரைக் கன்னம்தான் தேய்ப்பன்.”

உள்ளேயிருந்து மயில்வாகனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. “விடுங்கோ அண்ணை, தாயும் இப்பிடித்தான். என்னையும் பேரம் பேசித்தான் கட்டினவள்.”

மயில்கழுத்துச் சேலை மூட்டையில் இல்லை. அடுத்த தரம் கொண்டுவருவதாகப் பேச்சு. வினோஜா குச்சியை வாய்க்குள் விட்டுத் தேய்த்துக்கொடுத்தாள். “முடிவு வந்து நான் அவவின்ர பிள்ளைதான் எண்டால் மாமா எண்டு கூப்பிடுறன். அதுவரைக்கும் நீங்கள் முதலாளி.”

அவர் வவுனியா திரும்பி இரண்டு போத்தலையும் ஒரே பெட்டியில் போட்டு, படிவத்தில் தன் பெயரை எழுதி அனுப்பினார். அதே கிழமை மயில்கழுத்துச் சேலையும் வாங்கி அலுமாரியில் வைத்தார்.

ஆவணியில் மறுபடி சண்டை தொடங்கியது. சோதனை முடிவு புரட்டாதியில் வந்தது. அஸ்மின் தொலைபேசியில் வாசித்தான்.

“மாமா, உங்கட உம்மாவின்ர உம்மாவின்ர உம்மா எண்டு போனால், ஆபிரிக்காவில துவங்கிக் கடற்கரையோரமா நடந்து வந்து, பல ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நம்மட பக்கம் சேந்திட்டாங்களாம்.”

“நடந்தா? கப்பல் இல்லையா?”

“நடைதான்.”

“வாடகை மிச்சம்.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இத்தனை காலம் முந்தி வந்தவளின் பிள்ளைகளுக்கல்லவா சில நாள் தவணை தந்தார்கள்? “சரி, அது ஒரு ஆளுக்கு. மற்ற ஆளின்ர எங்க?”

“எந்த மற்ற ஆள்?”

பக்கீர் சொன்னார். அங்கே அஸ்மின் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் லண்டனிலிருந்து கேட்டது.

“மாமா! ரெண்டு குச்சியும் ஒரே ஆளுக்கு! ரெண்டையும் சோதிச்சு ஒப்பிட்டுப் பாக்கிறவங்கள். வேற வேற எண்டு வந்தால், பிழை எண்டு திருப்பி அனுப்பிடுவாங்கள்.”

“திருப்பி அனுப்பினாங்களா?”

“இல்லையே.” பிறகு அஸ்மின் மெதுவாகச் சொன்னான்: “மாமா, ஒரு உம்மாவின்ர வழியில வந்த எல்லாருக்கும் இந்தச் சோதனை ஒரே மாதிரித்தான் வரும். அவங்கள் உங்களையும் அந்தப் பிள்ளையையும் ஒரே ஆள் எண்டு நினைச்சிட்டாங்கள்.”

தொலைபேசியை வைத்துவிட்டுப் பக்கீர் குசினிக்குப் போய் ஸுஹறாவிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்தாள். “சாறியைக் குடுத்திட்டு வாங்கோ” என்றாள்.

ஆனால் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அப்பால் போக அவருக்கு வழி கிடைக்கவில்லை. விசுவமடுத் தொலைபேசியும் செத்துப்போனது. லண்டனிலிருந்து கிழமைக்கொரு தரம் அஸ்மின் எடுத்து “மாமா” என்பான். ஒவ்வொரு தரமும் பக்கீருக்கு வேறொரு குரல் ஞாபகம் வரும். வெங்காயம் ஏற்றி இறக்கிற லொறிக்காரர்களிடம் விசாரித்தார். இந்த முறை வெங்காயமும் வரவில்லை.

2009இல் சண்டைக்குள்ளிருந்து தப்பிய சனம் வவுனியாவுக்கு வந்து சேர்ந்து, முட்கம்பிக்குப் பின்னால் கூடாரங்களில் இருந்தது. முகாம் முகாமாக அலைந்து, மூன்றாவது முகாமில் பெயரைப் பிடித்தார். வாசலில் இருந்த உத்தியோகத்தர் அத்தாட்சி கேட்டார். அஸ்மின் அனுப்பியிருந்த அமெரிக்கக் கொம்பனியின் முடிவுக் கடதாசியைப் பக்கீர் நீட்டினார்.

“இதில உங்கட பெயர் மட்டும்தானே கிடக்கு?”

“ஓம் சேர். அதுதான் அத்தாட்சி.”

கதையை முழுக்கச் சொன்னார். காலையிலிருந்து அழுகையையே கேட்டுக் களைத்திருந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். “அங்கால கம்பியடியில நில்லுங்கோ.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “விசுவமடு மயில்வாகனம் வினோஜா. உங்களைப் பார்க்க உங்கட தாய்மாமன் பக்கீர் வந்திருக்கிறார்.”

முகாம் முழுக்கக் கேட்டிருக்கும்.

வந்தாள். மெலிந்து, வெயிலில் கறுத்து, யாரோ தந்த பெரிய சட்டையோடு.

“அப்பா?” என்று கேட்டார்.

“மாத்தளனில, ஷெல்லடியில...” என்று தொடங்கினாள்.

சேலைப் பார்சலைக் கம்பிக்குள்ளால் நீட்டினார். அவள் பிரித்து, கரையைக் காதடியில் வைத்துக் கசக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் தன் வேலையைப் பார்த்தது.

“மடிப்பில நிறம் இறங்கியிருக்கு, மாமா.”

பக்கீர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மூண்டு வருசம் அலுமாரியில கிடந்தது, பிள்ளை.”

“பழைய சரக்கை என்ர தலையில கட்டுறியள்.”

திரும்பும் பஸ்ஸில், பழக்கதோஷத்தில் கணக்கை முடிக்கப் பார்த்தார். சேலை ஒன்று, கொடுத்தாயிற்று. நிறம் இறங்கியதற்குக் கழிவு அவர் பக்கம். மாமா என்ற சொல் ஒன்று, வரவு. மயில்வாகனத்திடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று. வெங்காயம் வந்த பாதையால் தங்கையின் மையத்தைப் பார்க்கப் போகாத பயணம் ஒன்று. பின்னைய இரண்டும் நிலுவை. வாங்கிக்கொள்ள ஆளில்லை.