அழகம்மாவின் வலப்பக்கம்

கடப்பாரை மறுபடியும் ‘ணங்’கென்று எகிறியது. குணாளன் கையை உதறிக்கொண்டு, “பாறய்யா இது. மனுசன் தோண்டுற எடமா?” என்றான்.

ரூபினி காரை வரப்போரம் நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். வீட்டில் அவளுடைய அப்பா அய்யாவு நெற்றி நிறைய விபூதியோடு கூடத்தில் கிடந்தார். குழி வெட்டப் போனவர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

“பொம்பளப் புள்ளைக்குச் சுடுகாட்டுல என்ன வேல?” என்றார் மணியம் பெரியப்பா. தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார். தம்பியின் சாவுக்குச் சொல்லவா வேண்டும்?

“அப்பாவுக்கு எடம் பாக்க வந்தேன் பெரியப்பா.”

“எடம்தான் பாறையா இருக்கே! ஒண்ணு, அந்தக் கோடியில லோங்காங் ஓரமா, சாக்கடப் பக்கம் போடணும். அங்க குழிக்குள்ள தண்ணி ஊறும். இல்லன்னா சுங்கை பட்டாணி மின்சுடலை. சசி பேசிட்டான், சாயங்காலத்துக்கு ஒரே ஒரு எடம் இருக்காம்.”

தம்பி சசிதரன் கைப்பேசியைப் பிடித்தபடி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

அய்யாவு கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டுச் சொன்னார். “அழகு பக்கத்துலயே போட்ருங்க. அவ பக்கத்துலயே படுத்துப் பழகிட்டேன். எடம் மாறுனா எனக்குத் தூக்கம் வராது.” நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். ரூபினி, “சரிப்பா” என்று வாக்குக் கொடுத்தாள்.

அம்மா அழகம்மாவின் சமாதிக்கு இடப்பக்கம் வேறொரு குடும்பத்துச் சமாதி. வலப்பக்கம்தான் காலி. பெண்டாட்டி இடப்பக்கம், புருஷன் வலப்பக்கம் என்ற முறைக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் அந்த வலப்பக்கத்தில் பழைய லாரிப் பாதை ஓடியது. செம்மண்ணும் சரளையும் இறுகி, ஒரு புல் முளைக்காத மொட்டைப் பாதை. அது பாறை நிலம் என்பது மெர்போக் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்த சங்கதியை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ரூபினிக்கு மண்தான் சோறு போட்டது. மாட்டுப் பண்ணைகளுக்கு மேய்ச்சல் நிலம் பார்த்துச் சொல்கிற வேலை. எந்த மண் வெயில் காலத்திலும் ஈரம் பிடித்துப் புல்லைக் காப்பாற்றும், எந்த மண் மாட்டின் குளம்பு பட்டே செத்துப்போகும் என்று தரம் பிரிக்க வேண்டும். வேலை கிடைத்தபோது, “மண்ணு பிசையிறதுக்கு ஒரு யூனிவர்சிட்டியா?” என்று கேட்டு ஊரே சிரிக்கும்படி செய்தவர் இதே பெரியப்பாதான். அய்யாவு மட்டும், “எம் மக மண்ணு டாக்டரு” என்று தன் மாடுகளிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் குனிந்து, பெயர்த்துப் போட்ட கல்லில் ஒன்றை எடுத்தாள். முனைகள் கூராக இருந்தன. மண்ணுக்குள் தானாக விளைந்த சரளை என்றால் மொச்சைக்கொட்டை போல உருண்டிருக்கும். இது எங்கேயோ மலையில் உடைத்து, லாரியில் கொண்டுவந்து கொட்டியது.

“பெரியப்பா, இது பாற இல்ல. மேல போட்ட ரோட்டுக் கல்லு. கீழ பாத போடறதுக்கு முந்தின மேய்ச்சல் நெலம் அப்படியே இருக்கு.”

“நீ உள்ள போயிப் பாத்தியாக்கும்?”

“நான் போகல. அது போயிருக்கு.”

அவள் காட்டியது பாதையோரத்துப் புற்றை. ஆள் உயரம். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. அழகம்மா உயிரோடிருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றிய புற்று.

“ஏய், புத்துல கை வைக்காத!”

“வைக்கல.” புற்றைக் கும்பிட்டுவிட்டு, அடியில் உதிர்ந்து கிடந்த மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள். “இதுல ஒரு கல்லு காட்டுங்க.”

பெரியப்பா லேசுப்பட்டவரா? “கறையான் கல்லத் தூக்குமா? கீழ கல்லு இருந்தாலும் மண்ணத்தானே கொண்டாரும்?”

“சரியான கேள்வி. ஆனா பாறையா இருந்தா இவ்வளவு மண்ணுக்கு எங்க போகும்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மண்ணில் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தாள். உருண்டை பிடித்தாள். உருண்டை நின்றது. கட்டைவிரலால் நாடா மாதிரித் தள்ளினாள். ஒரு விரற்கடை நீண்டு, தானாக முறிந்து விழுந்தது.

“மணலா இருந்தா உருண்டையே நிக்காது. களியா இருந்தா நாடா நீண்டுக்கிட்டே போகும். இது ரெண்டும் கலந்த இருவாட்டி மண்ணு, பெரியப்பா. வெட்டுனா சுவரு மாதிரி நிக்கும், தண்ணி தேங்காது. அப்பாவுக்கு இதவிட நல்ல எடம் கெடைக்காது.”

குணாளன் தலையைச் சொறிந்தான். “அது சரிக்கா. இந்தக் கல்லு எம்புட்டு ஆழம்?”

 அது அவளுக்கும் தெரியாது.

“இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதப் பிடிக்காத,” என்றார் பெரியப்பா. “மின்சுடலையும் போச்சு, குழியும் ஆகலன்னா எந் தம்பிய எங்க வைக்கிறது?”

சசிதரன் கைப்பேசியையும் அக்காவின் சேறு படிந்த விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எண்ணை அழுத்தினான். “ஹலோ, அந்த எடம் வேணாம்லா. ஆமா, கேன்சல்.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செம்பனை நிழலில் போய் உட்கார்ந்தார். அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்து பெத்தவனை நடுத்தெருவில் விடப்போகிறார்கள் என்று அந்த முதுகே சொன்னது.

குணாளனும் அவனுடைய கூட்டாளியும் மாறி மாறிக் குத்தினார்கள். பொறி பறந்தது. கணுக்கால் ஆழம், கல். முழங்கால் ஆழம், அப்போதும் கல். கூட்டாளி போத்தலோடு ஒதுங்கிவிட்டான். ரூபினி குழியின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தாள். எத்தனை நிலத்தைத் தரம் பிரித்திருக்கிறாள், ஒன்றிலும் இந்தப் பயம் வந்ததில்லை. அதிலெல்லாம் அப்பா படுக்கப் போவதில்லையே. வாக்குக் கொடுத்த வாயைக் கடித்துக்கொண்டு நின்றாள். சசிதரன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் குதித்து, குணாளனோடு சேர்ந்து குத்த ஆரம்பித்தான்.

திடீரென்று சத்தம் மாறியது. ‘ணங்’ இல்லை, ‘சதக்’. கடப்பாரை பாதிவரை இறங்கிவிட, குணாளன் தடுமாறிச் சசிதரன்மேல் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்காமல் சிரித்தான்.

“அக்கா! வெண்ண மாதிரி எறங்குதுக்கா!”

மண்வெட்டி முதல் கட்டியைத் தூக்கி மேலே போட்டது. இந்த வெயில் காலத்திலும் உள்ளே ஈரமாக, கரும்பழுப்பாக, புல்வேரின் மணத்தோடு. ரூபினி அதை இரண்டு கையாலும் வாரி முகத்தருகே கொண்டுபோனாள். அப்பாவின் மாட்டுக் கொட்டகை வாசனை லேசாக அடித்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. “நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!” என்று கத்திவிட்டு, சுடுகாடு என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னால் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு குழி தன்னால் இறங்கியது. நாலு பக்கமும் வெட்டிவைத்த கேக் போல நேராக நின்றது. ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. பெரியப்பா நிழலிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கைத்தடியால் சுவரை ஒரு குத்துக் குத்தினார். சுவர் அசையவில்லை. நேராகப் போய், “தம்பியோட தேர் கெளம்பட்டும்” என்று வீட்டுக்குப் போன் செய்தார்.

பொழுது சாய்வதற்குள் அய்யாவு உறுமி மேளத்தோடு, ஊர்வலமாக, ராஜா மாதிரி வந்து சேர்ந்தார். அழகம்மாவின் வலப்பக்கம் ஆழமாக இறக்கினார்கள். ரூபினியை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. சசிதரன் முதல் மூன்று பிடி மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்து அக்காவுக்கு வழி விட்டான். அவள் ஒரு பிடி அள்ளினாள். பழக்க தோஷம், கை தானாக இறுகியது. விரல்களின் அச்சு மண்ணில் அப்படியே பதிந்து நின்றது. பெட்டியின்மேல் விழுந்ததும் அது மெத்தென்று உடைந்தது.

கூட்டம் கலைந்தது. மணியம் பெரியப்பா மட்டும் போகவில்லை. தம்பியின் புதுமேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதே லாரிப் பாதையில் செருப்புக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“ரூபினி.”

“என்ன பெரியப்பா?”

“இந்த எடம்... இங்க எப்படி இருக்கும்?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு, பாதையோரத்தில் உள்ளங்கையை ஏந்தி ஒரு பிடி மண் அள்ளினாள். பெரியப்பா தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து, அவள் கைக்கு மேலே மெல்லச் சாய்த்தார்.