பச்சைப் பெயின்ட் பூசிய மேஜை

எனக்குக் கோபம் வரும். வந்தால் பாத்திரம் பறக்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சுத்தப் பொய். பாத்திரத்தை நான் எறிந்ததே இல்லை. வாய் இருக்கும்போது பாத்திரத்தை எதற்கு எறிய வேண்டும்?

என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் மஞ்சள் காமாலையில் போனதும், ஸ்ரீராம்புரத்து வெல்டிங் ஷெட்டை இனி நானே நடத்துகிறேன் என்றேன். என் கொழுந்தன் பெர்னார்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, ஹெல்மெட் போட்டா உங்க கொண்டை எங்க போவும்?" என்றான். கல்யாணமான மறு மாதத்திலிருந்து அந்த ஷெட்டில் ஆம்ப்ரோஸ் பற்றவைக்க, ஆங்கிள் இரும்பை மூலைமட்டத்தில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என் இரண்டு கையிலும் பொறி பட்ட வடு இன்னும் இருக்கிறது. பெர்னார்ட் அந்த நாட்களில் டென்ட் கொட்டகை வாசலில் பீடி குடித்துக்கொண்டு நின்றவன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்!

ஷெட் கிருஷ்ணப்பாவுடையது. கன்னடக்காரர், முன் வீட்டில் குடியிருந்தார். வாடகைப் பத்திரம் ஆம்ப்ரோஸ் பேரில் இருந்ததால் புதிதாக எழுத வேண்டும். யார் பேருக்கு என்பதுதான் தகராறு. கடைசியில் அவர் திண்டாடிப்போய்ச் சொன்னார்: "நோடம்மா பவுலின், கான்வென்ட் பெஞ்சு வேலை வந்திருக்குதில்ல? அதைச் சரியா முடிச்சுக் குடு, ஷெட்டு உன் பேருக்கு. கெட்டுப்போச்சுன்னா பெர்னார்ட் பேருக்கு. நானும் சும்னே பூட்டி வெச்சுக்க முடியாதில்ல?"

கெட்டுப்போனால் நான் அல்சூரில் அம்மா வீட்டு அடுப்படிக்குப் போக வேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

அந்தக் கான்வென்ட்டுக்குப் போன வருஷம் பெஞ்சு செய்து கொடுத்தது பெர்னார்ட். ஆம்ப்ரோஸ் அப்போதே படுக்கையில். தரையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் வைத்துப் பற்றவைத்தான். ஒவ்வொரு பெஞ்சும் ஒவ்வொரு தினுசாக ஆடியது. மைக்கூடு கவிழ்ந்து பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம். இந்தத் தடவை மதர் என்னிடம் வந்து, "ஒண்ணு ஆடினாலும் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் மூன்று அளவு. சின்ன வகுப்புக்கு ஒன்று, நடு வகுப்புக்கு ஒன்று, பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று.

"ஒரு தகடு வாங்கிப் போடலாம் அண்ணி. அதுமேல இரும்பு நகராம நாலு ஸ்டாப்பரை வெல்டு அடிச்சிட்டா ஆச்சு" என்றான் பெர்னார்ட்.

"அடுத்த அளவு வந்தா?"

"வெட்டி எடுத்துட்டு வேற எடத்துல அடிப்போம்."

"அடிச்சு வெட்டி, அடிச்சு வெட்டி, உன் தகடு அப்பளமா வளைஞ்சு நிக்கும். அப்புறம் அதுமேல என்னத்தை வெப்பே, உன் தலையையா?"

எனக்கு வேண்டியது ஓட்டை மேஜை. கனமான வார்ப்பிரும்புப் பாளம், முழுக்க வரிசையாக ஓட்டைகள். ஓட்டையில் முளையைச் செருகி, அதில் இரும்பை அணைத்து, கிளாம்பு போட்டு இறுக்கிப் பற்றவைக்கலாம். அளவு மாறினால் முளையைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினால் போதும், மேஜையில் ஒரு பொட்டு வெல்டு விழ வேண்டியதில்லை. பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஆம்ப்ரோஸ் கூலி வேலைக்குப் போனபோது சாப்பாடு கொண்டுபோன நான் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே என் கண் அதன்மேல் விழுந்துவிட்டது.

புதிதாக வாங்க நாங்கள் என்ன ஜமீனா? சிவாஜி நகர் குஜிரிக்குப் போனோம், பழைய இரும்பெல்லாம் வந்து குவியும் இடம். பெர்னார்டும் கூடவே வந்தான், என் மானத்தை வாங்க. கடைக்காரப் பாய் முதலில் பளபளவென்று எண்ணெய் தடவிய ஒன்றைக் காட்டினார். "மில்ட்ரி மாலும்மா, நல்ல சரக்கு. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது." சுத்தியலால் தட்டினேன். ஒரு மூலையில் ணங்கென்றது, மறு மூலையில் டொப்பென்றது. விரிசல். எண்ணெய் அதை மறைக்கத்தான். இரண்டாவது மெல்லிசு, சூடு பட்டால் முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது கோழி எச்சமும் துருவுமாக ஒரு மூலையில் கிடந்தது. கோணியால் துடைத்தேன். நாலு மூலையிலும் ஒரே சத்தம். முளைக்குப் பதில் கொண்டுபோயிருந்த கம்பித் துண்டை ஓட்டையில் விட்டுப் பார்த்தேன், ஆட்டமில்லாமல் இறங்கியது. பிறகு மட்டப்பலகையை அதன்மேல் விளிம்பு படும்படி நிறுத்தி, குனிந்து, கன்னத்தை இரும்பில் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். நீளவாக்கில், அகலவாக்கில், குறுக்காக. எங்கும் கீற்று வெளிச்சம் இல்லை, மேடு பள்ளமே இல்லை.

பொம்பளை இரும்பில் கன்னத்தை வைத்துக் குனிந்து நிற்பதைப் பார்க்கக் கும்பல் கூடிவிட்டது. "என்ன அண்ணி, அதுக்கு முத்தம் குடுக்குறீங்களா?" என்று பெர்னார்ட் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமாண்டா. உங்க எல்லாரையும் விட இது நேரா இருக்குது" என்றேன். பாய்தான் பலமாகச் சிரித்தார்.

அதையே வாங்கிவந்து ஷெட்டில் இறக்கி, கால் கட்டி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்தோம். எங்கள் ஷெட்டில் வெல்டர் தனக்கோடி என்று ஒருவர், கை சுத்தம், பக்தி அதைவிட அதிகம். அவரும் நானும் லேத் பட்டறையில் முளைகளைக் கடைந்து வாங்கினோம். சின்ன அளவில் ஒரு பெஞ்சுச் சட்டம் செய்து பார்த்தோம். நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்தேன், இரண்டும் ஒன்று. சட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கடியிலும் சிகரெட் பெட்டிக் காகிதத்தைச் செருகி இழுத்தேன். நாலும் கிழிந்தன, ஒன்றும் உருவிக்கொண்டு வரவில்லை. தனக்கோடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெர்னார்ட் பீடி பற்றவைக்க வெளியே போனான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அன்றைக்கு ஷெட்டில் யாரும் கருவியைத் தொடக் கூடாது என்பது தனக்கோடியின் சட்டம். நாங்கள் வேதக்காரர்களானாலும் ஆம்ப்ரோஸ் காலத்திலிருந்தே பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் எங்கள் செலவுதான். முதல் நாள் மத்தியானமே எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

பூஜை முடிந்த மறு நாள் வந்தால், தூரத்திலேயே கண்ணில் பட்டது போர்டு. பச்சைப் பின்னணி. அதில் வெள்ளை எழுத்தில், மேலே கன்னடம், கீழே தமிழ்: பெர்னார்ட் வெல்டிங் ஒர்க்ஸ்.

மாதாவே! எனக்குத் தலை சுற்றியது. பெஞ்சு ஒன்றுகூட முடியவில்லை, பத்திரம் எழுதவில்லை, இவன் போர்டு மாட்டிவிட்டான்!

"யாரைக் கேட்டுடா எழுதினே?"

"ஏன் அண்ணி கத்துறீங்க? பூஜைக்குப் புதுசா இருக்கட்டுமேன்னு..."

"புதுசா இருக்கட்டும்னா புதுச் சட்டை போட்டுக்கோடா! உங்க அண்ணன் செத்து வருஷம் திரும்பல. அதுக்குள்ள அவர் பேரை வழிச்சிட்டு உன் பேரா? உனக்கு வெக்கம் இல்லையா, மானம் இல்லையா?"

தெருவே கூடியது. கிருஷ்ணப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டே ஓடிவந்து, "முதல்ல வேலையை முடிங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்று என்னை உள்ளே தள்ளினார். உள்ளே மேஜையும் பச்சையாக இருந்தது. மேலே, பக்கத்தில், ஓட்டைக்குள், எல்லா இடத்திலும் தடிமனாக எனாமல். நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு செவந்திப் பூ. பார்த்தேன். ஆனால் என் கண்ணெல்லாம் அந்தப் போர்டில் இருந்தது. மேஜையின் பச்சையைப் பற்றி யோசிக்க எனக்கு ஏது புத்தி? மேஜையில் எர்த் பிடிக்கவில்லை, கரன்ட் ஓடவில்லை என்று தனக்கோடி சொன்னதும் எர்த் கம்பியை வேலைத் துண்டிலேயே மாட்டச் சொன்னேன். முளை இறங்கவில்லை என்றதும் தட்டி இறக்கச் சொன்னேன். பெயின்ட் கருகி நாறியது. "அடி, அடி, வேலை ஆகட்டும்" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் சில சட்டங்கள் முடிந்தன. மேஜைமேல் வைத்தால் ஜம்மென்று நின்றன. ஒன்றைத் தூக்கி முன்பின்னாகத் திருப்பி வைத்தேன்.

டக். டக்.

இன்னொன்றைத் திருப்பினேன். டக். டக்.

பெர்னார்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தான். "கிருஷ்ணப்பாண்ணே! இங்க வந்து சத்தத்தைக் கேளுங்க. குஜிரிக் குப்பை கோணிக்கிச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்." கிருஷ்ணப்பா வந்தார், சட்டத்தை ஆட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "ஏனம்மா இது, மதர் நாளன்னைக்கு வர்றாங்கன்னியே" என்றார்.

வார்ப்பிரும்பு இப்படி ஒரு நாளில் கோணுமா? மட்டப்பலகையை எடுத்து நிறுத்தி, கன்னத்தை வைத்தேன். வெளிச்சம்! ஒரு இடத்தில் நூலாக, இன்னொரு இடத்தில் கயிறாக. குஜிரியில் இல்லாத வெளிச்சம். அதே பலகை, அதே கண். நடுவில் வந்தது என்ன? நகத்தால் அழுத்தினேன். மேலே தோலாகக் காய்ந்த பெயின்ட் உள்ளே இன்னும் வெண்ணெயாக இருந்தது. வழிந்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக நின்றது. ஓட்டைக்குள் கட்டிக்கிடந்த பெயின்டில் முளைகள் சாய்ந்து இறங்கியிருந்தன. சட்டங்களும் அந்தக் கோணலுக்கு ஏற்றபடியே வந்திருந்தன, அதனால்தான் திருப்பியதும் ஆடின.

"எவன்டா இதைப் பூசினது?"

தனக்கோடி முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நான்தான்க்கா. போர்டுக்கு வாங்கினது மிஞ்சியிருந்துச்சு. பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பெயின்ட் அடிக்கிறோமே, புதுசா வந்த சாமியை மொட்டையா உக்கார வெக்கலாமான்னு... ரெண்டு கை பூசினேன்."

"சாமிக்கு மூஞ்சி தெரியாம மெழுகி வெச்சிருக்கியேய்யா! இது முழுக்க மூஞ்சிதான்யா, இதுக்கு வேற அழகே கிடையாது!" கத்தினேன். அந்த மனுஷன் அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பெர்னார்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் அழுவேனா?

"பூஜை போட்ட சந்தனத்தைச் சுரண்டுனா ஆகாது அண்ணி" என்றான் பெர்னார்ட், ரொம்பப் பக்திமான் மாதிரி.

"தனக்கோடி, நீ சொல்லு. ஆகுமா, ஆகாதா?"

தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். சந்தனத்தையும் குங்குமத்தையும் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். "இப்ப ஆகும்க்கா" என்று சுரண்டியை எடுத்தார்.

நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். உளி, சுரண்டி, மண்ணெண்ணெய், கோணி. ஓட்டை ஓட்டையாகக் குடைந்தோம். பெர்னார்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சும்மா நிக்கிறதுக்கு வெளியில நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே" என்றேன். போனான். கடைசியில் மட்டப்பலகையை நிறுத்திக் குனிந்தேன். கீற்றுகூட இல்லை. ஆடிய சட்டங்களை அறுத்துப் பிரித்து, மறுபடி முளை செருகி, எதிரெதிர் மூலையாகப் பற்றவைத்து, சூடு ஆறும்வரை கிளாம்பைத் தொட விடவில்லை.

சொன்னபடி மதர் வந்தார். சமன் செய்த மேஜைமேல் சட்டத்தை ஏற்றி, பலகையைப் போட்டோம். மதர் பையிலிருந்து மைக்கூட்டை எடுத்து, விளிம்புவரை மை ஊற்றி, பலகைமேல் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து உலுக்கினார். "திருப்பிப் போட்டும் பாருங்க மதர்" என்றேன். திருப்பினோம். மறுபடி உலுக்கினார். மூன்று அளவிலும் இதே கதை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எல்லாத்தையும் இதே மாதிரி செஞ்சு அனுப்பும்மா" என்று சொல்லிவிட்டு மைக்கூட்டை மூடினார்.

"ஆய்த்து" என்றார் கிருஷ்ணப்பா. "நாளைக்கே பத்திரம் எழுதிடலாம்மா."

பெர்னார்ட் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "சரி அண்ணி, போனது போவட்டும். போர்டுல அண்ணன் பேரையே திரும்ப எழுதிடறேன். அதான் உங்களுக்கும் மரியாதை." கிருஷ்ணப்பா தலையாட்டினார். தனக்கோடியும் தலையாட்டினார். அப்பாடா, எல்லாருக்கும் என்ன நிம்மதி!

ஆம்ப்ரோஸ் நல்ல மனுஷன். அவரை நினைக்காத நாளில்லை. ஆனால் எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது.

"உங்க அண்ணன் பேரு கல்லறையில இருக்குது. கல்லுல நல்லா வெட்டியிருக்குது. அங்க போய் மரியாதை பண்ணு" என்றேன்.

மேஜையைச் சுரண்டிய அதே சுரண்டியை எடுத்துக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கிப் போய் வாசலில் போட்டு ஏறினேன். 'பெர்னார்ட்' அடித் தகரம் தெரியப் பச்சையோடு சேர்ந்து சுருள் சுருளாக என் காலடியில் விழுந்தது. கன்னடத்திலும் விழுந்தது, தமிழிலும் விழுந்தது. தெரு முழுக்க நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

"தனக்கோடி!"

"அக்கா?"

"அந்த டப்பாவுல பச்சை மிச்சம் இருக்குதா?"

"அடியில கொஞ்சம்தான்க்கா இருக்குது."

"என் பேரு சின்னப் பேருதான். பத்தும். கொண்டா."