ஜன்னலோரத்துப் படம்

வெளியூரில் இருந்துகொண்டே இந்த வீட்டில் தீ மூட்ட மாமியாருக்கு ஒரு கைப்பேசி போதும். வியாழக்கிழமை காலை குடும்பக் குழுவில் சின்ன மருமகளின் படத்தைப் போட்டு, "நம்ம சின்னவளுக்கு என்ன ஒரு களை" என்று எழுதியிருந்தார்.

பெரிய மருமகள் அதை ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வைத்துப் பார்த்தாள். ஊசிமருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

சின்னவள் கட்டட வரைபடம் போடுகிறவள். புது வேலைக்காக எடுத்த படமாம். மங்கலான நீலப் பின்னணி, ஒரு பக்கமாக விழுகிற வெளிச்சம், பத்துப் பேரை வேலை வாங்குகிறவள் போன்ற பார்வை. மூக்கின் ஓரத்துத் தழும்புகூட அழகுக்கு வைத்ததுபோல் இருந்தது. காசு கொடுத்து எடுத்திருப்பாள் என்று பெரியவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்குள் சின்னவளே கீழே எழுதிவிட்டாள்: "வீட்டுலயே எடுத்தது அத்தை."

பெரியவளுக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. மருந்துப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவளுக்கு வந்து ஒரு மாதமாகிறது. திங்கட்கிழமைக்குள் இணையதளத்துக்குப் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவளிடம் இருந்த ஒரே நல்ல படம் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்தது. எவ்வளவு வெட்டினாலும் பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டை போக மாட்டேன் என்றது.

ஞாயிறு காலை கணவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து அவள் காரியத்தில் இறங்கினாள். பீரோவின் மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டாள். மருந்துப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் சர்க்கரை டப்பாவை வைத்து, அதில் கைப்பேசியைச் சாய்த்தாள். பத்து வினாடி கெடு வைத்து ஓடிப்போய் நின்றாள். முதல் படத்தில் நெற்றி இல்லை. அடுத்ததில் ஓடி வந்த மூச்சு வாங்கல் தெரிந்தது. குழல்விளக்கைப் போட்டால் கண்ணுக்கடியில் இரண்டு குழி. சிரித்தால் கெஞ்சுவதுபோல் இருந்தது, சிரிக்காவிட்டால் காணாமல்போனவர் அறிவிப்பு. நாற்பத்தொரு படம் எடுத்தாள், ஒன்றுகூடத் தேறவில்லை.

எங்கே கோளாறு என்று தெரிந்துகொள்ளச் சின்னவளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த நீலப் பின்னணியில் ஓரிடத்தில் மட்டும் நீலம் கொஞ்சம் வெளிறியிருந்தது. துணி போதாமல் வேறு நீலத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்த திரைச்சீலை. தைத்தவளே பெரியவள்தான். அவள் வீட்டுக் கூடம், அவள் ஜன்னல்.

கணவர் பிடரியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சின்னவ படத்தை எடுத்தது யாரு?"

"நான்தான். அவசரமா வேணும்னு சொன்னா. உனக்கு அன்னிக்கு டூட்டி."

"எவ்வளவு நேரம் எடுத்தீங்க?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, பொறுமையா உட்காந்தா."

எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னார். அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

"போன வருஷம் அடையாள அட்டைக்கு என்னை எடுத்தீங்களே, எத்தனை எடுத்தீங்க?"

"மூணு, நாலு?"

"ரெண்டு. ஒண்ணுல எனக்குக் கண்ணு மூடியிருந்தது."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சின்னவள் அப்போதுதான் தன் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். பீரோவையும் சர்க்கரை டப்பாவையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் சிரித்திருந்தால் பெரியவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"விளக்கை அணைச்சிடுங்க அக்கா. ஜன்னல் பக்கமா கொஞ்சம் சாய்வா உட்காருங்க."

"வேணாம், எடுத்தாச்சு."

"இன்னும் நாலு எடுத்தா குறைஞ்சா போயிடுவோம்?"

மாடிக்கு ஓடி ஒரு பெரிய வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து பெரியவளின் மடியில் வைத்தாள். வெளிச்சம் அதில் பட்டுக் கழுத்தடிக்கு ஏறும் என்றாள். "தாடையை முன்னால நீட்டுங்க, ஆமை மாதிரி. சிரிக்க வேணாம். டாக்டர் சீட்டுல மருந்தோட அளவைத் தப்பா எழுதிட்டார், நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. அப்போ எப்படிப் பாப்பீங்க?"

பெரியவள் பார்த்தாள். பதினான்கு வருஷமாகப் பார்க்கிற பார்வை, சொல்லித் தர வேண்டியதில்லை. கைப்பேசி கிளிக், கிளிக் என்றது.

"எங்க மாடியில பகல்லயே விளக்குப் போடணும்," என்றாள் சின்னவள், எடுத்துக்கொண்டே. "ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவர். வந்த நாள்லேருந்து உங்க கூடத்து மேல எனக்கு ஒரு கண்ணு அக்கா. பொறாமைன்னே வச்சுக்கோங்க."

அதைக் கேட்டதும் பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. சின்னவள் மருமகளாக வந்த இந்த நான்கு வருஷமாக நாக்கு நுனிவரை வந்தும் தன்னால் சொல்ல முடியாத சொல்லை இவள் போகிறபோக்கில் சொல்லிவிட்டாளே.

படம் அசலாக வந்திருந்தது. அதில் இருந்தவளிடம் யாரும் துணிந்து சிபாரிசு கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் குடும்பக் குழுவிலும் போட்டாள்.

மாமியார் உடனே எழுதினார்: "பெரியவளா இது? யார் எடுத்தது?"

பெரியவளின் விரல் கொஞ்சம் தயங்கிற்று. பிறகு, "நானேதான் அத்தை" என்று தட்டி அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு செய்தது உறைத்தது. அழிக்கலாம் என்றால் மாமியார் பார்த்தாகிவிட்டது. மாடியில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. இப்போது எழுதுவாள், நான் எடுத்தேன் என்று இப்போது எழுதுவாள் என்று திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளின் பெயரில் ஒரு வரி வந்தது: "அக்கா சூப்பரா எடுத்திருக்காங்க." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

பெரியவள் அதை மூன்று தடவை படித்தாள். எங்காவது ஒரு குத்தல் இருக்காதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாள், பாவி. அந்தப் பெரிய மனதும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று நினைத்தபோதுதான் பெரியவளுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.